ஒன்பதாவது கட்டம்

பல்லடம் ரோட்டு வங்கியில்
வீட்டுக்கடன் படிவத்தின் ஒன்பதாவது கட்டம்
தொழில் என்றது.
பனி ஹாக்கி என்றேன்.
அந்தம்மா நிமிராமல் எழுதினார்:
பனியன்.

திருப்பூரில் அது குற்றமில்லை.
ப-வும் னி-யும் அடுத்தடுத்து வந்தால்
மீதியைக் கை தானாகப் போட்டுவிடும்.
"கட்டிங்குங்களா, செக்கிங்குங்களா?"
ஃபார்வேர்டுங்க என்றேன்.
"அட, ஃபார்வர்டிங் ஏஜென்சியா! அப்பச் செரி."

முதலில் சக்கரம்தான்.
பஞ்சு வராத மாதங்களில் காலியாகக் கிடந்த கிடங்கு,
அதன் சிமெண்டுத் தரை,
ஓவர்லாக் மெஷினை விட்டு எழாமலே
அப்பா தைத்துப் போட்ட முழங்கால் பட்டை.
இருபத்தொரு வயதில் லடாக்.
உறைந்த குளத்தில் முதல் நாள்
நான் நின்றது மொத்தம் ஒரு நிமிடம் இருக்கும்.
அங்கத்திப் பெண்கள் பனியைப் பற்றி
நாங்கள் கரண்டைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்கள்:
இன்னிக்குச் செரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம்.

பிறகு பின்லாந்தில் ஒரு சின்ன ஊரின் அணி.
நான்கு சீசன், நூற்றுப் பதினோரு ஆட்டம்,
ஏழு கோல்.
ஏழேதான்.
என் வேலை கோல் போடுவதில்லை,
கோலிக்கு முன்னால் போய் நிற்பது.
அவளுக்கு முதுகைக் காட்டி, பார்வையை மறைத்து,
தூரத்திலிருந்து எங்கள் ஆள் அடிக்கிற பக்
என்னைத் தாண்டிப் போகவோ
என்மேல் பட்டுத் திரும்பவோ விடுவது.
விலாவில் குச்சியால் இடிப்பார்கள்.
நகரக் கூடாது.
கல்யாண வீட்டில் போட்டோவுக்குக் குறுக்கே நிற்கிறவரை
மண்டபமே திட்டுமே,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் கோலை நான் பார்க்கவே இல்லை.
இடுப்பில் ஏதோ பட்டது, சங்கு ஊதியது,
எல்லோரும் ஒருத்தியைக் கட்டிப்பிடித்தார்கள்,
நானும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.
பலகையில் அவள் பெயர்.
இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடச் சமையலறையில்
உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தபோது
(மாலைப் பயிற்சி வரைக்கும் அதுவும் என் தொழில்)
மேனேஜர் செய்தி அனுப்பினார்:
வீடியோ பார்த்தாயிற்று, கோல் உன்னுடையது.
கன்றிப்போன இடத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.
ஆமாம்.

"ஆறு மாசச் சம்பளச் சீட்டு வேணுங்க."
சீசன் ஐந்தரை மாதம்.
"அப்ப மீதி?"
மீதி மாதங்களில்
விடியும் முன் நொய்யல் கரையோரம்
இடுப்பில் கயிறு கட்டி லாரி டயர் இழுக்கிறேன்.
நாய்கள் பழகிவிட்டன.
வயது முப்பத்தொன்று, இடது முழங்காலில் இரண்டு திருகாணி,
அடுத்த ஒப்பந்தம் வருமா என்று
மெயிலைத் திறந்து திறந்து மூடுகிறேன்.
இதில் எதையும் அவரிடம் சொல்லவில்லை.
"எதுக்கும் யோசிச்சுட்டு வாங்க அம்மிணி" என்றார்,
மெய்யாகவே வருத்தப்பட்டு.

வெளியே கரும்புச்சாறு வண்டிக்கு
ஐஸ் இறங்கிக்கொண்டிருந்தது.
டெம்போவிலிருந்து ஒரு பாளம் நழுவி
உமி சிதற, தார் ரோட்டில்
டவுன் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்து வழுக்கியது.
நான் யோசிக்கவில்லை.
செருப்பின் உள்பக்கத்தால் நிறுத்தி,
சுழற்றி,
இரண்டு பைக்குகளுக்கு நடுவே
இறக்கிய பையனின் காலடிக்கே திருப்பிவிட்டேன்.

அவன் ஐஸைப் பார்த்தான்.
என் செருப்பைப் பார்த்தான்.
"ஏனுங்க்கா, கால்ல ஒதைச்சதை
யாருங்க குடிப்பாங்க?"

இருபது ரூபாய் கொடுத்தேன்.
ஒன்பதாவது கட்டத்தை நான் திருத்தவே இல்லை என்பது
பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.